ரோடு இரண்டாகத் தெரிந்த காலை

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். வழக்கமாக உன் கடிதத்தை இரண்டு முறை வாசிக்கச் சொல்வார். இந்த முறை ஒரு தடவை கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எரிக்கிற காய்ச்சலோடு மேட்டுப்பாளையத்திலிருந்து கொச்சி வரைக்கும் தேயிலைப் பெட்டி ஏற்றிப் போனாயாம். பாலக்காடு தாண்டும்போது ரோடு இரண்டாகத் தெரிந்ததாம், ஆனாலும் நிறுத்தவில்லையாம். திரும்பி வந்ததும் முதலாளி எல்லா டிரைவருக்கும் முன்னால் முதுகில் தட்டி, "சிலோன்காரன்னா சிலோன்காரந்தான், காய்ச்சலுக்கெல்லாம் படுக்க மாட்டான்" என்று சொன்னாராம். அம்மா நான் பூரித்துப்போவேன் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பாய். நான் பூரிக்கவில்லை. கடிதம் என்றால் நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும், எனக்கும் தெரியும். இதில் அந்தக் கேள்வியை வேண்டுமென்றே கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். ஏன் என்பது அங்கே வரும்போது உனக்கே புரியும்.

முதலில் ஒரு பொய்யைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். நாம் இந்த மலைக்கு வந்த முதல் வருஷம் அப்பா ஓட்டிய தோட்டத்து லாரி வாய்க்காலில் இறங்கிச் சாய்ந்ததும், பக்கத்து வீட்டு மருதாயி அக்காவின் முழங்கால் நொறுங்கியதும் உனக்குத் தெரியும். பிரேக் பிடிக்கவில்லை என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தேன். அப்போது உனக்கு ஆறு வயது, அந்த வயதுக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. பிறகு நீ வளர்ந்தாய், பதில் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. லாரியில் ஒரு குறையும் இல்லை, பிரேக் நன்றாகவே பிடித்தது. அன்றைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல். அவர் போக மாட்டேன் என்றுதான் சொன்னார். அனுப்பினவள் நான்.

சிலோனில் பதுளைப் பக்கத்துத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, பெட்டியும் படுக்கையுமாகக் நீலகிரியில் கிளென்மார்கன் பக்கத்தில் இந்தத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே லாரி ஓட்டியவர் என்பதால் இங்கேயும் அப்பாவுக்கு லாரியே கிடைத்தது. காலையில் பெண்களைத் தூரத்து டிவிஷனுக்கு ஏற்றிப் போவார், சாயங்காலம் கொழுந்து மூட்டையோடு ஃபேக்டரிக்கு வருவார். குடியிருக்க ஓர் அறையும் முன்னால் ஒரு சின்னத் தாழ்வாரமும் கொடுத்திருந்தார்கள். கூரை ஒழுகும்தான், ஆனாலும் நமக்கென்று ஒரு கதவு இருந்தது. முகாமில் படுதாவுக்குப் பின்னால் படுத்து எழுந்த எனக்கு, தாழ்ப்பாள் போட்ட முதல் நாள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கதவு கைவிட்டுப் போகக் கூடாது என்பதைத் தவிர அந்த ஐந்து மாதமும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. நான் செய்ததற்கு இதைச் சாக்காகச் சொல்லவில்லை. பயம் எங்கே குடியிருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ஆடி மாதம், இந்தப் பக்கத்து மழை எப்படி அடிக்கும் என்று நீ அறிவாய். அப்பாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அன்று சாயங்காலம் லாரியை நிறுத்திவிட்டு ஆபீசில் போய்ச் சொல்லியிருக்கிறார். அங்கே இருந்த கிளார்க் கோயமுத்தூர்க்காரர், நல்ல மனுஷர். வீட்டுக்கு வந்து அப்பா என்னிடம், "கிளார்க் ஐயா என்ன சொன்னாரு தெரியுமா? 'ஏனுங்க, மேலுக்கு முடியலீன்னா எதுக்கு வண்டி எடுக்கறீங்க? சீட்டு வாங்கிட்டு ஊட்ல இருங்க'ன்னாரு" என்றார். சொல்லும்போது அவர் குரலே இறங்கிவிட்டது. வேலை போயிற்று என்றே எனக்குப் பட்டது.

உனக்கு இது விளங்காது, நீ இந்த ஊர்ப் பேச்சில் வளர்ந்தவன். அங்கே நம் தோட்டத்தில் சீட்டு என்றால் ஒரே சீட்டுத்தான், பத்துச்சீட்டு. துரைக்கு ஒருவனைப் பிடிக்கவில்லை என்றால் பத்துச்சீட்டைக் கிழித்துக் கையில் கொடுப்பார்கள். பேர் வெட்டியாகிவிட்டது, குடியிருக்கிற லயத்துக் காம்பராவைக் காலி செய், தோட்டத்தை விட்டு வெளியே போ என்று அதற்கு அர்த்தம். என் தகப்பன் ஒரு முறை சீட்டு வாங்கி, நாங்கள் ஐந்து பேரும் சட்டி பானையோடு அடுத்த தோட்டத்து ரோட்டோரத்தில் நின்றிருக்கிறோம். அப்படிப்பட்டவள் காதில், "சீட்டு வாங்கிட்டு ஊட்ல இருங்க" என்பது எப்படி விழும் என்று யோசித்துப் பார். அவர் சொன்னது கம்பவுண்டர் எழுதிக் கொடுக்கும் சிக் சீட்டு. அதை வாங்கினால் பேர் வெட்ட மாட்டார்கள், உடம்பு தேறும் வரை வீட்டில் இருக்கலாம். இந்த ஊர்க்காரர்களுக்கு அது உரிமை, எங்களுக்குக் கழுத்தில் கத்தி. ஒரே வார்த்தை. போய் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். நாங்கள் கேட்கவில்லை, கேட்டால் அந்தச் சீட்டைக் கையிலேயே திணித்துவிடுவார்கள் என்ற பயம்.

விடிந்ததும் கொத்தமல்லித் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு அப்பா, "முடியல. கண்ணு ஒரு நெலையில நிக்கல. ரோடு ரெண்டாத் தெரியும் போல இருக்கு" என்றார். நான் அவர் தலையில் துண்டைக் கட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே, "ரெண்டு தெரிஞ்சா உள்பக்கத்து ரோட்டுல போங்க" என்றேன். தைரியம் சொல்வதாக நினைப்பு எனக்கு. உன்னைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு, நானும் அதே லாரியின் பின்னால் ஏறினேன். உன் கடிதத்தில் அந்த இரண்டு ரோட்டைக் கேட்டதும் அப்பா ஏன் வெளியே போனார் என்று இப்போது தெரிகிறதா? அவர் அன்று சொன்னது தெரியாமல் நீயாகவே எழுதியதுதான், ஆனால் இருபது பெண்களோடு அந்த லாரியில் நான் மறுபடி ஏறியது போல இருந்தது.

கற்பூர மரங்கள் தாண்டி மூன்றாவது வளைவு. பனி மூடியிருந்தது. உள்பக்கம் மண்மேடு, வெளிப்பக்கம் கீழே மின்வாரியத்துத் தண்ணீர்க் குழாய் இறங்குகிற பள்ளம். லாரி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்தது, சக்கரம் வாய்க்காலில் இறங்கியது, வண்டி மேட்டின் மேல் சாய்ந்து நின்றது. நாங்கள் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தோம். பின்பலகை கழன்று மருதாயி அக்காவின் கால் மேல் விழுந்தது. நான் இறங்கி முன்னால் ஓடிப் பார்த்தேன். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். உடம்பு தணலாகக் கொதித்தது. "எது ரோடுன்னு தெரியல புள்ள" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

விசாரணை ஆபீசில் நடந்தது. மேனேஜர் கேட்க, அப்பா, "எந் தப்புத்தான் ஐயா, காய்ச்சலோட எடுத்துட்டேன்" என்றார். கிளார்க்குக்கு வருத்தமும் கோபமும். "நாஞ் சொன்னனுங்களே, சீட்டு வாங்கிக்கோங்கன்னு" என்று மேசை இழுப்பறையைத் திறந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். கதவருகே மற்றப் பெண்களோடு நின்றிருந்தேன். அந்தக் காகிதத்தில் பேர், தேதி, என்ன நோவு, எத்தனை நாள் ஓய்வு என்று கோடு போட்டிருந்தது. வெளியே போ என்று எங்கேயும் இல்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "அவரு போகலைன்னாரு, நான்தான் போகச் சொன்னேன்" என்று ஒரு வரி. என்னால் சொல்ல முடியவில்லை. அப்பாவை லாரியிலிருந்து இறக்கிப் புல்வெட்டுக்குப் போட்டார்கள். ஸ்டியரிங் பிடித்த கையில் கத்தியைப் பிடித்துக்கொண்டு போனார். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இரண்டு மாதம் கழித்து மருதாயி அக்கா கட்டுப் பிரித்து வீடு வந்தாள். கஞ்சி கொண்டுபோன சாக்கில் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டு, "நீ அனுப்புன, சரி. அன்னைக்குச் சக்கரத்துல கால வச்சு ஏறும்போது நான் அவரு மூஞ்சியப் பாத்தேன். வெத்தல வாடுன மாதிரி இருந்துச்சு. பாத்துட்டும் ஏறினேன். இருபது பேரும் பாத்துட்டுத்தான் ஏறினோம். ஒருத்தி வாயத் தொறந்து 'சுகமா'ன்னு கேக்கல" என்றாள். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இனிமே கேப்போம்" என்றாள். அவளுக்கு இனிமேல் கொழுந்துக் காடு கிடையாது, ஃபேக்டரியில் உட்கார்ந்து தேயிலைத் தூள் பிரிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். தான் ஏறப் போகாத லாரிக்காக அவள் செய்த ஏற்பாடு அது.

அப்படித்தான் அந்த வழக்கம் தொடங்கியது. ஏறுவதற்கு முன்னால் ஒருத்தி டிரைவர் பக்கத்துக் கதவருகே போய், முகத்தைப் பார்த்து, "சுகமா?" என்று கேட்பாள். அவர் வாய் திறந்து பதில் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் காலை வைப்போம். இந்த ஊர்க்காரர்களுக்கு இது வேடிக்கை. சிலோன்காரப் பொம்பளைகள் மரியாதைக்காரிகள், டிரைவருக்குக் கும்பிடு போட்டுத்தான் ஏறுவார்கள் என்று கேலி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டோம். கூடலூரிலிருந்து வந்திருந்த வர்கீஸ் என்ற மலையாளத்து டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பாஷையிலும் உடம்பைக் கேட்க அதுதான் சொல். நாங்கள் கேட்பது கும்பிடு அல்ல, கேள்வி என்று அவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

கார்த்திகையில் ஒரு காலை, கேட்கிற முறை என்னுடையது. "சுகமா?" என்றேன். வர்கீஸ் ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, "சுகமில்லா சேச்சி, தல சுத்துது" என்றார். சூப்பர்வைசர் ஓடி வந்தார். "அதெல்லாம் ஓட்டுவாரு, நீங்க ஏறுங்க" என்று எங்களிடமும், "முடியலைன்னா சீட்டு எங்கய்யா?" என்று அவரிடமும் கத்தினார். மருந்து கொடுத்துச் சீட்டு எழுதும் இடம் திறப்பது ஒன்பது மணிக்கு, லாரி கிளம்புவது ஆறரைக்கு. "ஒம்போது மணி வரைக்கும் தலை சுத்தாம நிறுத்தி வைக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு, கம்பளியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஈரப்புல்லில் உட்கார்ந்தேன். திட்டமெல்லாம் போடவில்லை. திரும்பிப் பார்த்தால் எல்லாக் கூடைகளும் தரையில் இருந்தன, எல்லாப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். புல்வெட்டு ஆட்களும் அதே லாரியில்தான் வருவார்கள். அவர்களில் ஒருவராக அப்பாவும் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கிளார்க் குடையோடு வந்தார். "ஏனுங்கம்மா, என்ன இது காலங்காத்தால?" என்றார். அன்றைக்கு ஆபீசில் வராத வாய் அப்போது வந்தது. "நீங்க ஆடி மாசம் எங்க வீட்டுக்காரருகிட்ட சீட்டு வாங்கச் சொன்னீங்க. எங்க ஊருல சீட்டுன்னா வேலைய விட்டுத் தொரத்துறதுங்க. அதுக்குப் பயந்து, முடியாதுன்னவர நான்தான் பிடிச்சுத் தள்ளினேன். அக்கா காலு போனது அதுலதான். இன்னைக்கு இன்னொருத்தரு முடியலைங்கிறாரு. இவரையும் தள்ளிவிட எங்களால ஆகாது" என்றேன். எல்லாருக்கும் முன்னால், அப்பாவுக்கும் முன்னால். கிளார்க் குடையை மடக்கினார். மழை பெய்துகொண்டிருந்தது, அது அவருக்கு நினைவில்லை. "அடடா, இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். "அன்னைக்குத் தைரியம் இல்லீங்க" என்றேன். அவர் மேனேஜர் பங்களாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பத்து மணி. அன்று மத்தியானம் லாரி ஷெட்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். முடியவில்லை என்று டிரைவர் சொன்னால் வண்டி கிளம்பக் கூடாது, சீட்டைப் பிறகு கொடுக்கலாம், அதற்காகப் பேர் வெட்டக் கூடாது. அந்தக் காகிதம் நனைந்து கிழிந்து எத்தனையோ முறை மாற்றி ஒட்டியாகிவிட்டது. வாசகம் மாறவில்லை. தை மாதம் அப்பாவை மறுபடி லாரியில் ஏற்றினார்கள். அதன் பிறகு அவரே நான்கு முறை "சுகமில்ல" என்று சொல்லியிருக்கிறார். நான்கு முறையும் வானம் இடிந்து விழவில்லை.

நாங்கள் புல்லில் உட்கார்ந்த அன்று சாயங்காலம் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "உள்பக்கத்து ரோட்டுல போன்னதும் நீதானே. வெளிப்பக்கம் போயிருந்தா குழாயோட குழாயா இறங்கியிருப்போம்" என்றார். அவர் கேலி அப்படி. எனக்கு அது ஆறுதல் என்று அவருக்குத் தெரியும், நான் அதை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றும் தெரியும். மருதாயி அக்கா இன்றைக்கும் படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள்.

இனி உன் விஷயம். உன் முதலாளி சொன்னதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதே. சிலோன்காரன் காய்ச்சலுக்குப் படுக்க மாட்டான் என்றால், படுக்கிற உரிமை உனக்கு இல்லை என்பதை இனிப்புத் தடவிச் சொல்கிறார் என்று அர்த்தம். வந்தேறி என்று பேர் எடுத்தவன் இரண்டு பங்கு உழைத்துக் காட்ட வேண்டும் என்ற நினைப்பு உனக்குள் இருக்கிறது. அது என்னிடமிருந்து வந்தது, அதனால்தான் எனக்கு அடையாளம் தெரிகிறது. உழை, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உன் லாரிக்கு எதிரே சைக்கிளில் வருகிறவன் உன்னிடம் வேலைக்குச் சேரவில்லை. உன் முதலாளி யாரென்றே அவனுக்குத் தெரியாது.

முடியாத நாளில் "ஓட்ட மாட்டேன்" என்று சொல்லாதே, "ஓட்ட முடியாது" என்று சொல். மாட்டேன் என்றால் சண்டை, முடியாது என்றால் உண்மை. அதைத் தனியாக முதலாளி காதில் போய்க் கெஞ்சாதே, ஷெட்டில் நாலு பேர் இருக்கும்போது சொல். பிறகு ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிக்கொள், காகிதம் கையில் இருப்பது நல்லது. ஆனால் காகிதம் வருகிறவரை வண்டியில் ஏறாதே. இன்னொன்று, இதுதான் கஷ்டமானது. வேறொரு டிரைவர் முடியவில்லை என்று உட்கார்ந்தால் அவன் லோடை நீ எடுத்துப் போகலாம், தப்பில்லை. "நானா இருந்தா ஓட்டியிருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிடாதே. முதலாளி நாளைக்கு உன்னைக் காட்டித்தான் அவனை மிரட்டுவார். இப்போதே உன் கொச்சிப் பயணத்தைச் சொல்லி யாரையாவது மிரட்டிக்கொண்டிருப்பார்.

வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்பாய். போனால் வா. இங்கே கதவு இருக்கிறது, தாழ்ப்பாளும் இருக்கிறது. அதைக் காப்பாற்ற ஒரு முறை மனுஷரைப் பணயம் வைத்துப் பார்த்தவள் சொல்கிறேன், கதவு அவ்வளவு பெரிது இல்லை. தையில் உனக்குக் கல்யாணம். வருகிற பெண்ணிடமும் இந்தக் கதையைச் சொல்லப் போகிறேன், நீ தடுத்தாலும் சொல்வேன். முடியாதவனை வண்டிக்கு அனுப்புகிற கை முதலாளிக்கு மட்டும் இருப்பதில்லை. தலையில் துண்டு கட்டிவிடுகிற கையும் அனுப்பும்.

அப்பா வெளியிலிருந்து வந்துவிட்டார். என்ன எழுதுகிறாய் என்று கேட்கவில்லை. "அவங்கிட்டக் கேட்டியா?" என்று மட்டும் கேட்டார். இதோ கேட்கிறேன். உன் கடிதத்தில் காய்ச்சல் வந்தது இருக்கிறது, போனது இல்லை. நாளைக்கு உனக்கு லோடு உண்டா இல்லையா என்பதும் இல்லை. மற்றவர்கள் கடிதத்தின் தலையில் மரியாதைக்கு எழுதுகிற சொல்லாக இதை வாசிக்காதே. கதவருகே நின்று, உன் முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்.

சுகமா?

உன் பதில் வருகிறவரை நான் புல்லில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா